பெல்ட் மிஷின் பைலட்டுகள்

வலங்கைமானுக்கு மேற்கே இருக்கிற அந்த ஊரில் விமானம் ஓட்டப் படித்த ஒரே ஆள், வீரையனின் மகள் பிரகதீஸ்வரி. படித்தாயிற்று, லைசென்ஸும் வாங்கியாயிற்று. ஓட்டுவதற்குத்தான் விமானம் கிடைக்கவில்லை. ஊர்க்காரர்களுக்கு இது பிடிபடவே இல்லை. டீக்கடையில் வீரையனின் தலை தெரிந்தால் போதும், யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார்.

"என்னண்ணே, பாப்பா எப்ப நம்ம ஊரு மேல பறக்கும்? ஒரு நா முன்னாடியே சொல்லிடுங்க, மாடியில காயப்போட்ட மிளகாய அள்ளிடுறோம்."

வீரையன் சிரித்துவைப்பார். பாதி டீயோடு எழுந்தும் வந்துவிடுவார். மகளைப் படிக்கவைக்க அவர் விற்ற நிலம் பத்து மா, மூன்று ஏக்கருக்கு மேல். பிள்ளை படிப்புக்கு ஒரு வாழைத்தாரைக்கூட விற்றிராதவனெல்லாம் கேலி பேசுகிறானே என்று வழிநெடுகப் பொருமிக்கொண்டே வீடு வந்து சேருவார். மிச்சம் இருந்தது வாய்க்காலை ஒட்டிய ஒன்பது மா நஞ்சையும் ஒரு பெல்ட் மிஷினும்தான்.

பெல்ட் மிஷின் என்பது நெல் அறுக்கிற மிஷின். சேற்றில் புதையாமல் இருக்க டயருக்குப் பதிலாக பெல்ட் போட்டிருக்கும். தை, மாசியில் அது யார் வயலில் இறங்குகிறதோ அவருக்கு வீரையன் கூடப்பிறந்தவர்; யார் வயலுக்கு இன்னும் வரவில்லையோ அவருக்குப் பரம விரோதி. இந்த இரண்டு நிலைக்கும் அவர் பழகிப்போயிருந்தார். பழகாதது ஒன்றுதான், அதை ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்து மகள் சொன்னாள்.

"நான் வாங்கியிருக்கிறது சின்ன விமானத்துக்கான லைசென்ஸுப்பா. ஜெட் ஓட்டணும்னா அதுக்குத் தனியாப் பயிற்சி எடுக்கணும். அத முடிச்சிட்டு வந்தாத்தான் கம்பெனியில வேலைக்கே பாப்பாங்களாம்."

"சரிம்மா, அவனுகளப் பயிற்சி குடுக்கச் சொல்லு."

"குடுப்பாங்க. காச நாம கட்டணும்."

வீரையன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். "அவன் விமானத்த ஓட்டுறதுக்கு, அவன் டிக்கெட் வித்து சம்பாரிக்கிறதுக்கு, நான் காசு கட்டணுமா?"

"ஆமாம்ப்பா."

"எவ்வளவு?"

அவள் சொன்னாள். விற்ற பத்து மாவுக்கு வந்ததில் பாதிக்கு மேல் இருந்தது. மோர் ஊற்ற வந்த மனைவி மங்களாம்பிகை, ஊற்றாமலேயே திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வீரையனுக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. மிஷின் டிரைவர் எப்படி உருவாகிறான் என்பது அவருக்குத் தெரியும். முதல் போகம் முழுக்க அவன் ஹெல்பர். கிரீஸ் அடிப்பான், டீசல் ஊற்றுவான், சிக்கின வைக்கோலைப் பிடுங்கிப் போடுவான். மூன்று வேளைச் சோறும் பேட்டாவும் முதலாளி பொறுப்பு. அடுத்த போகத்தில் காய்ந்த வயலாகப் பார்த்து ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள். அவன் வரப்பை ஏற்றி நசுக்குவான், பாதிக் கதிரைத் தரையில் சிந்துவான். வயல்காரர் வாய்க்கு வந்தபடி திட்டுவார். அந்தத் திட்டையும் முதலாளிதான் வாங்கிக்கொள்ள வேண்டும். இதில் யாரும் தர்மம் செய்யவில்லை. மிஷின் ஓட ஆள் வேண்டும், அவ்வளவுதான். டெல்டா முழுக்க டிரைவர்கள் இப்படித்தான் உருவானார்கள்.

"என் மிஷின்ல ஏறுறவன்கிட்ட, முதல்ல காச வை, அப்புறம் ஏறுன்னு நான் கேட்டா ஊரு என்னைய என்ன சொல்லும்? காறித் துப்பாது?" என்று அவர் அடுப்படியைப் பார்த்துக் கத்தினார்.

"என்கிட்ட ஏன் கத்துறீங்க? கேக்குறவன்கிட்ட போயி கேளுங்க" என்று பதில் வந்தது.

கேட்கத்தான் போனார். அந்தப் பயிற்சி நிறுவனம் தஞ்சாவூரில் ஒரு ஹோட்டலில் பெற்றோர் கூட்டம் போட்டிருந்தது. வெள்ளைச் சட்டையைச் சலவைக்குப் போட்டு, எடுத்து, மாட்டி, நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டிய கேள்விகளை பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். பக்கத்து சீட்டுக்காரர் பயந்துபோய் ஜன்னலோரம் ஒண்டிக்கொண்டார்.

ஹோட்டலுக்குள் ஏசி ஜில்லென்று இருந்தது. சமோசா கொடுத்தார்கள், சின்ன முந்திரிகேக்கும் கொடுத்தார்கள். மேடையில் சூர்யபிரகாஷ் என்பவர் நின்றார். அந்த நிறுவனத்தின் தலைவர். தோளில் நாலு தங்கப் பட்டை. அவர் கடைசியாக எப்போது விமானம் ஓட்டினார் என்று யாரும் கேட்கவில்லை, பட்டையைப் பார்த்த பிறகு கேட்கத் தோன்றாது. கேள்வி நேரம் வந்ததும் வீரையன் எழுந்தார்.

"நான் பெல்ட் மிஷின் வச்சிருக்கேங்க. என் டிரைவருக்கு நான்தான் சோறு போட்டுப் பழக்குறேன். உங்க கம்பெனிக்காரங்க ஏன் பழக்க மாட்டேங்கிறாங்க?"

கூட்டத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள். சூர்யபிரகாஷ் கோபப்படவில்லை. மேடையை விட்டு இறங்கி நேரே வீரையனிடமே வந்துவிட்டார்.

"அருமையான கேள்வி சார். நீங்க சோறு போட்டுப் பழக்கின டிரைவர் இப்ப எங்க இருக்கார்?"

வீரையனுக்குச் சுருக்கென்றது. அவர் இரண்டு போகம் சோறு போட்டு வளர்த்தவன், போன தாளடி அறுப்பில், மிஷின் வயலில் நிற்கும்போதே, குத்தாலத்துக்காரர் ஒருவர் கூட நூறு ரூபாய் பேட்டா தருகிறார் என்று சாவியை வரப்பில் வைத்துவிட்டுப் போனவன். அதற்குப் பிறகுதான் வேம்பு என்கிற உள்ளூர் டிரைவரை வைத்திருந்தார்.

"குத்தாலத்துல இருக்கான்" என்றார் வீரையன், குரலை இறக்கி.

"பாத்தீங்களா சார்! அவர் சொந்தக் காசு போட்டுப் பழகியிருந்தா போயிருப்பாரா? அவருக்குக் கமிட்மென்ட் இருந்திருக்கும். இதத்தான் சார் நாங்களும் சொல்றோம். கம்பெனி விமானத்தப் போடுது. பைலட் பயிற்சியப் போடட்டும். ரெண்டு பேரும் பார்ட்னர்."

சொந்தக் காசில் பழகியவனுக்கு யாரிடமும் விசுவாசம் இருக்க வேண்டிய அவசியமே இல்லையே, அவன் இன்னும் வேகமாக அல்லவா குத்தாலம் போவான் என்று வீரையனுக்குத் தோன்றவில்லை. நாற்பது பேர் நடுவில் நாலு பட்டை போட்ட ஒருவர் தோளில் கைபோட்டு 'சார்' என்று கூப்பிடும்போது சில யோசனைகள் வருவதில்லை. வேலை நிச்சயமா என்று மட்டும் கேட்டார். "நிச்சயம்னு நாங்க சொல்றதில்ல சார். பயிற்சி முடிச்சவங்க வெயிட்டிங்ல இருப்பாங்க. விமானம் வர வர ஏறிக்கிட்டே இருப்பாங்க" என்றார் சூர்யபிரகாஷ். பஸ்ஸில் நிற்கிறவர்களுக்கு ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சீட் கிடைப்பது மாதிரி வீரையனுக்கு அது கேட்டது.

சண்டை போடப் போனவர், முன்பணம் கட்டிவிட்டு வந்தார். ஒன்பது மாவும் அடமானத்துக்குப் போனது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "கமிட்மென்ட் வேணும் மங்களம், எதுக்கும் ஒரு கமிட்மென்ட் வேணும்" என்றார்.

"அப்படின்னா?"

"அது உனக்குப் புரியாது."

"உங்களுக்கு?"

வீரையன் குளிக்கப் போய்விட்டார். அடுத்த வாரம் பிரகதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போனாள்.

இதோடு விட்டிருந்தால் அவர் பாட்டுக்கு நம்மைப்போல ஒரு ஏமாந்த தகப்பனாக இருந்திருப்பார். ஆனால் வீரையன் கேட்டதைக் கிரகித்துக்கொள்கிற ஆள். குறுவை அறுப்பு முடிந்த கையோடு வேம்பு வந்து, சம்பா அறுப்புக்குப் பேட்டாவைக் கொஞ்சம் ஏற்றித் தரும்படி கேட்டான்.

வீரையன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வேம்பு, நீ இந்த மிஷின்ல என்ன போட்டிருக்க?"

"டீசல் போட்டிருக்கேண்ணே. காலையிலதான் போட்டேன்."

"அதில்லடா. சொந்தக் காசு என்ன போட்டிருக்க? ஒண்ணும் இல்லல்ல? அப்ப உனக்கு எங்கேருந்து கமிட்மென்ட் வரும்?"

வேம்புவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாரம் முடிவதற்குள் ஊருக்கே விளங்கிவிட்டது. வலங்கைமான் கடைத்தெருவிலிருந்து ஊர் எல்லை வரைக்கும் பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. 'பிரகதி பெல்ட் மிஷின் மாற்றுப் பயிற்சி மையம். டிராக்டரிலிருந்து பெல்ட் மிஷினுக்கு! பயிற்சி முடிப்போருக்கு வேலைவாய்ப்பு வரிசையில் முன்னுரிமை.' ஒரு மூலையில் பெல்ட் மிஷின், இன்னொரு மூலையில் ஜெட் விமானம், நடுவில் கைகூப்பிய வீரையன். தோளில் பட்டை இல்லாதது ஒன்றுதான் குறை.

யார் வரப்போகிறார்கள் என்று மங்களாம்பிகை சிரித்தாள். வந்தார்கள். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர்கள், பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் திட்டுக்குக் காத்திருந்தவர்கள், வெளிநாட்டு ஏஜெண்டிடம் ஒருமுறை ஏமாந்ததால் இனி உள்ளூரிலேயே ஏமாறலாம் என்று முடிவு செய்தவர்கள் என்று வீட்டுக்கு முன்னாலிருந்த நெற்களம் நிறைந்துவிட்டது. சும்மா சொல்லிக்கொடுத்தால் சந்தேகப்படுகிற சனம், காசு கேட்டதும் இதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று நம்பியது. வீரையனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

மலர்க்கொடியும் மகன் இளவழகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நடவு, களையெடுப்பு என்று சேற்றிலேயே நின்று, ஒற்றை ஆளாக அவனை மெக்கானிக்கல் டிப்ளமோ வரைக்கும் படிக்கவைத்தவள். அவன் பின்னால் நின்று காலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இவன ஹெல்பரா சேத்துக்கங்க. சோறு போட்டாப் போதும், பழகிப்பான்" என்றாள்.

"அதெல்லாம் அந்தக் காலம் மலரு. இப்ப உலகமே மாறிப்போச்சு. என் பொண்ணுக்கே காசு கட்டித்தான் படிக்கவைக்கிறேன். விமானத்துக்கே அப்படின்னா மிஷினுக்குக் கேக்கணுமா? ஓசியில பழகுனா உன் புள்ளைக்கு அதோட அருமை தெரியாது."

அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். "பயிற்சி முடிச்சா வேலை இருக்குல்ல?"

"வரிசையில இருப்பான். மிஷின் வர வர ஏறிக்கிட்டே இருப்பான்."

அதைச் சொன்னபோது வீரையனுக்கு மனசு உறுத்தவில்லை. உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். பயிற்சிப் பணம் சேர்ந்தால் இன்னொரு மிஷின் வாங்கலாம், அதற்கு டிரைவர் வேண்டும், ஆக வேலை இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாலு நாள் கழித்து, மலர்க்கொடி கறவை மாட்டை விற்றுவிட்டுப் பணத்தோடு வந்தாள்.

பயிற்சி எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். டீசல் விற்கிற விலையில் ஆளுக்கு ஆள் மிஷினைக் கொடுக்க முடியுமா? மகள் போனில் சிமுலேட்டர் என்று ஒன்றைச் சொல்லியிருந்தாள். விமானம் மாதிரியே இருக்கும், ஆனால் பறக்காது, அதற்குத்தான் ஏகப்பட்ட கட்டணம். வீரையன் கொட்டகை ஓரத்தில் ஒரு பழைய இரும்பு நாற்காலியைப் போட்டார். முன்னால் இரண்டு கழிகளை நட்டு, கியர் என்றும் கதிர் அறுக்கிற கட்டர் பாரை ஏற்றி இறக்குகிற லீவர் என்றும் சொன்னார். வேம்புவுக்குத் தலைமைப் பயிற்றுநர் பதவியும் ஒரு தொப்பியும் கிடைத்தன. பேட்டா மட்டும் ஏறவில்லை. அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று வாயாலேயே இன்ஜின் சத்தம் கொடுப்பான். "வரப்பு வருது, தூக்கு! தூக்குடா!" என்று கத்துவான். நாற்காலியில் இருப்பவன் கழியைத் தூக்குவான். சில நாள் கழி கையோடு வந்துவிடும்.

பயிற்சி பெறுகிறவர்களுக்கு வெள்ளைச் சட்டை கட்டாயம். சட்டைக்குத் தனிக் கட்டணம். முதல் நிலை முடித்தால் தோளில் ஒரு பட்டை. மூன்று பட்டை வாங்கிய ஒரு இன்ஜினீயர் பையன் நிஜ மிஷின் மேல் ஒருமுறைகூட ஏறியதில்லை. அவனுக்குப் பெண் பார்க்கப் போனவர்கள் ஜாதகத்தோடு பட்டை போட்ட போட்டோவையும் எடுத்துப்போனார்கள். பெண் வீட்டார், மாப்பிள்ளை எந்த ஏர்போர்ட்டில் இருக்கிறார் என்று கேட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு.

தை பிறந்தது. சம்பா பழுத்துச் சாய்ந்து நின்றது. வழக்கமாக அந்த மாதத்தில் வீரையனின் போன் சூடாகி, காதில் வைக்க முடியாமல் கிடக்கும். இந்தத் தையிலும் அப்படித்தான். ஆனால் வீரையன் நிதானமாக, "பேட்ச் ஓடிக்கிட்டு இருக்குங்க. அது முடியட்டும்" என்றார். வயலில் இறங்கினால் பெல்ட் அறும், பேரிங் போகும், வரப்புச் சண்டை வரும், காசு கைக்கு வர மாசமாகும். நாற்காலிக்கு இந்த வம்பு எதுவும் கிடையாது. அறுக்கிற மிஷினை விட அறுக்காத மிஷின் அதிகம் சம்பாதிப்பதை அவர் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். மிஷினைக் களத்தின் நடுவில் நிறுத்திக் கழுவி, பொட்டு வைத்து, புதிய பேட்ச்சுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்தார். மற்ற மிஷின்காரர்களைத் தேடி ஊரே அலைந்தது.

"நம்ம வயலையாவது அறுத்துடுங்க. தொட்டா உதிருது" என்றாள் மங்களாம்பிகை.

"இந்த பேட்ச் முடியட்டும்."

பேட்ச் முடிவதற்குள் மழை வந்தது. தை மாசத்தில் வரக் கூடாத மழை, மூன்று நாள் விடாமல் அடித்தது. ஒன்பது மாவும் பாய் விரித்த மாதிரிப் படுத்துவிட்டது. தண்ணீரில் கிடந்த கதிரில் முளைவிட்டிருந்ததை வீரையன் கையில் எடுத்துப் பார்த்தார். அடமானத்தில் இருக்கிற வயலில் முளைத்துப்போன நெல். அன்றைக்கு அவர் அழுதார். ஆனால் அப்போதும், போனால் போகட்டும், பிரகதி விமானத்தில் ஏறிவிட்டால் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்றுதான் சொல்லிக்கொண்டார். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடந்தார்.

மழை விட்ட இரண்டாம் நாள் பிரகதி வந்து இறங்கினாள். களத்தில் வெள்ளைச் சட்டைக் கூட்டத்தையும், இரும்பு நாற்காலியையும், அதில் உட்கார்ந்து கழியை ஆட்டிக்கொண்டிருந்த இளவழகனையும், தன் பெயர் போட்ட பேனரையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவள் மலைத்துப்போய்விட்டாள் என்று வீரையனுக்குப் பெருமையாக இருந்தது.

"வேலை என்னம்மா ஆச்சு?"

"பயிற்சி முடிஞ்சிருச்சுப்பா. வெயிட்டிங்ல இருக்கேன். எனக்கு முன்னாடியே முன்னூறு பேரு வெயிட்டிங்ல இருக்காங்க. விமானம் ஆர்டர்லதான் இருக்காம், வரல. எப்ப வரும்னு கேட்டா அடுத்த பேட்ச்சு சேத்துக்கிட்டு இருக்காங்க."

"சரி, வரப்ப வரட்டும். இருப்போம்."

"சும்மா இருக்க முடியாது. ஆறு மாசத்துக்கு ஒருதரம் சிமுலேட்டர்ல உக்காந்து டெஸ்ட் முடிக்கணும். இல்லன்னா படிச்சது செல்லாமப் போயிடும். அதுக்கும் நாமதான் காசு கட்டணும். பயிற்சியில முதல்ல முடிச்ச டெஸ்ட்டுக்கு இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் டயம்."

வீரையன் பீரோவைத் திறந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துக் காட்டினார். பயிற்சி மையத்தில் வசூலானது அத்தனையும் அதில் இருந்தது. "இருக்கும்மா. அப்பா இருக்கேன்ல? நீ கவலைப்படாத" என்றார். ஆனால் முன்னூறு பேர் என்றது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. முற்றத்துக்குப் போய் போனை எடுத்து சூர்யபிரகாஷைக் கூப்பிட்டு, ஒத்திகை பார்க்காத கெட்ட வார்த்தைகளையெல்லாம் சேர்த்து, தைரியம் இருந்தால் நேரில் வா என்றார்.

சூர்யபிரகாஷ் வந்தேவிட்டார். ஆலங்குடிக்குக் குரு பகவானைக் கும்பிட வந்தவர், வலங்கைமான் பக்கம்தானே என்று வியாழக்கிழமையே காரைத் திருப்பிக்கொண்டு வந்தார். நெற்றியில் விபூதி, கையில் பிரசாதப் பை. காரை விட்டு இறங்கியதும் களத்தைப் பார்த்து அப்படியே நின்றார். வெள்ளைச் சட்டைகள், தோள் பட்டைகள், நாற்காலி, தொப்பி போட்ட வேம்பு, அறுக்காமல் பளபளவென்று நிற்கிற மிஷின், அதற்குப் பின்னால் அழுகிக்கொண்டிருக்கிற வயல். அவர் முகத்தில் தெரிந்தது மரியாதை.

"சார்!" என்றார். "சார், இது நீங்களே யோசிச்சதா?"

வீரையன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். பிரசாதப் பை கீழே விழுந்தது. "என் பொண்ணுக்கு வேலை எங்கடா? நெலத்த அடமானம் வச்சுக் கட்டினேன்டா. வேலை எங்க?"

"சார், சார், அவங்க வெயிட்டிங்ல இருக்காங்க."

"எவ்வளவு நாளைக்கு? விமானமே இல்லாம எதுக்குடா ஆள் மேல ஆளாச் சேத்த? காச வாங்கும்போது தெரியாதா உனக்கு, வேலை இல்லன்னு?"

களமே சூழ்ந்துகொண்டது. வேம்பு இன்ஜின் சத்தத்தை நிறுத்தினான். பிரகதி வாசலுக்கு வந்தாள், அவளுக்குப் பின்னால் மங்களாம்பிகை. ஊருக்கு இது பிடித்திருந்தது. சரியான கேள்வி, சரியான ஆளிடம், சட்டையைப் பிடித்துக் கேட்கிறார் நம்ம வீரையன். "விடாதீங்கண்ணே!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மலர்க்கொடி முன்னால் வந்தாள். சாய்ந்த நெல்லைக் கையால் அறுக்கப் போன வயலிலிருந்து நேரே வந்திருக்கிறாள், முழங்கால் வரை சேறு. அவள் சத்தம் போடவில்லை.

"கேளுங்கண்ணே, நல்லாக் கேளுங்க. வேலை இல்லன்னு தெரிஞ்சே காச வாங்கினவன விடாதீங்க. நீங்க கேட்டு முடிங்க. அப்புறம் எனக்கு ஒண்ணு சொல்லுங்க. என் புள்ளைக்கு நான் யாரு சட்டையப் புடிக்கட்டும்?"

இளவழகன் தோளிலிருந்த ஒற்றைப் பட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றான். வீரையனுக்குக் காது இரண்டும் எரிந்தன. மாட்டை ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு வந்த அன்றைக்கு அவள் இதே களத்தில், இதே இடத்தில் நின்று, மடியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. வெட்கம் என்றால் வெட்கம், பிடுங்கித் தின்கிற வெட்கம். பிடித்திருந்த சட்டை அவர் கையை விட்டுத் தானாக நழுவியது.

சூர்யபிரகாஷ் காலரைச் சரிசெய்துகொண்டார். அவருக்கு வீரையன் மேல் வருத்தமே இல்லை. தொழில் கற்றுக்கொள்கிறவனிடம் பேசுகிற கனிவோடு, காதருகே குனிந்து சொன்னார்.

"சார், இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நேரா பதில் சொல்லக் கூடாது. அடுத்த வாரம் ரிஃப்ரெஷர் கோர்ஸ் இருக்குன்னு சொல்லுங்க. பாதிக் கட்டணம்னு சொல்லுங்க. போயிடுவாங்க. ஆறு மாசம் ஓடிடும்."

வீரையன் அவரைப் பார்த்தார். அந்த முகத்தில் கெட்டது எதுவும் இல்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்குள் போய் பீரோவைத் திறந்து மஞ்சள் பையை எடுத்தார். மலர்க்கொடியில் தொடங்கி இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பிரகதி இந்த மாசக் கடைசிக்குள் அந்த டெஸ்ட்டை முடிக்க முடியாது. விற்ற பத்து மாவும், அடமானத்தில் கிடக்கிற ஒன்பது மாவும் வாங்கிக்கொடுத்தது அந்த ஒரு தகுதிதான். அதுவும் செல்லாமல் போய்விடும். விமானம் நாளைக்கே வந்தாலும் அவளால் ஏற முடியாது.

வாசலில் பிரகதி நின்றாள். அவர் கையிலிருந்த பையைப் பார்த்தாள். அவள் தடுப்பாள் என்று வீரையன் நினைத்தார். உண்மையைச் சொன்னால், அவள் தடுக்க வேண்டுமே என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டுதான் நின்றார். அப்பா, என் படிப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திரும்பி உள்ளே போய்விடுவார்.

"பாக்கி இருக்கிறவங்களுக்கும் குடுக்கப் போதுமாப்பா?" என்று கேட்டுவிட்டு, அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.